சக்கரத்துக்கு ஒரு பூட்டு

மழைக்காலத்தில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. மண் லாரி ஒன்று சேற்றில் இறங்கி நிற்கும். டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதி மிதியென்று மிதிப்பார். பின்பக்கம் இடது சக்கரம் விர்ர்ரென்று சுற்றி, வேடிக்கை பார்க்கிறவர் வேட்டியிலெல்லாம் சேற்றை வாரி இறைக்கும். வலது சக்கரம்? நல்ல கெட்டித் தரையில்தான் இருக்கும். ஆனால், ஓர் அங்குலம் நகராது. தேமே என்று நிற்கும்.

எஞ்சினில் கோளாறா? இல்லை. கிளட்ச் போய்விட்டதா? அதுவும் இல்லை. வண்டியில் இருக்கிற ஒவ்வொரு பாகமும் தனக்குக் கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. அதுதான் பிரச்னையே!

இதற்கு மருந்து உண்டு. இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டிவிடுகிற ஒரு சாதனம். டிஃபரென்ஷியல் லாக் என்று பெயர். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் செல்லமாக 'லாக்கர்' என்பார்கள். (நமக்கு லாக்கர் என்றால் பாங்க்கில் நகை வைக்கிற இடம். அது வேறு.) மருந்து கண்டுபிடித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால், சாதாரண ஜனங்கள் வாங்குகிற வண்டியில் அதை வைத்துக் கொடுக்கக் கார் கம்பெனிகளுக்கு வெகு காலம் மனசு வரவில்லை.

அதனால் என்ன ஆயிற்று? ஸ்கூல் வாத்தியார், பல் டாக்டர், பிளம்பர் என்று மோட்டார் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஆசாமிகள் சனி, ஞாயிறில் வீட்டு ஷெட்டில் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஆக்ஸிலைத் திறந்து, தாங்களே பூட்டை மாட்ட ஆரம்பித்தார்கள்.

அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால் ஒரு கேள்வி. பிடித்துப் பூட்டுகிற அளவுக்கு டிஃபரென்ஷியல் செய்த குற்றம்தான் என்ன?

* * *

நம் ஊர் மாட்டு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இழுப்பது மாடு. சக்கரங்கள் அச்சில் சும்மா கோத்திருக்கின்றன. வண்டி வலது பக்கம் திரும்பினால் வலது சக்கரம் கொஞ்சமாகச் சுற்றும். வெளிப்பக்கம் இருக்கிற இடது சக்கரம் அதிகமாகச் சுற்றும். யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை. பிரச்னையே இல்லை.

மாட்டை அவிழ்த்துவிட்டு, சக்கரத்தையே எஞ்சின் சுற்றவேண்டும் என்று வந்தபோதுதான் வில்லங்கம் ஆரம்பித்தது. இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டில் முறுக்கி வைத்துச் சுற்றினால், நேர் ரோட்டில் ஜோராகப் போகும். திருப்பத்தில்? வெளிச்சக்கரம் அதிக தூரம் போகவேண்டும், உள்சக்கரம் குறைந்த தூரம். ஆனால், ஒரே தண்டு. யாராவது ஒருவர் தரையில் தேய்ந்தே ஆகவேண்டும். டயர் தேயும், அல்லது தண்டு முறியும்.

இதற்கு முதலில் ஒழுங்காக விடை சொன்னவர் ஒரு கடிகாரக்காரர். பாரிஸில் இருந்த ஒனேசிஃபோர் பெக்கர். 1820-களின் இறுதியில், நீராவி வண்டி ஒன்றுக்காக அவர் பற்சக்கர ஏற்பாடு ஒன்றை வடிவமைத்து உரிமை வாங்கினார். எஞ்சினின் சுழற்சி நடுவில் இருக்கிற ஒரு கூண்டுக்கு வரும். கூண்டுக்குள் சின்னச் சின்னப் பற்சக்கரங்கள். அவை இடது வலது இரண்டு தண்டையும் தள்ளும். ஆனால், ஒருவன் மெதுவாகப் போனால் இன்னொருவன் அதை ஈடுகட்டி வேகமாகப் போகலாம். கடிகாரத்துக்குள்ளேயே வாழ்ந்த மனுஷர். பல்லோடு பல் பேசுகிற பாஷை அவருக்குத் தெரிந்திருந்தது.

அரை நூற்றாண்டு கழித்து இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லி என்கிற சைக்கிள்காரர் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார். அவரும் அவர் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கிற வண்டி ஒன்றை ஓட்டிப் பார்த்தார்களாம். அப்பா ஒரு சக்கரத்தை மிதிக்க, மகன் இன்னொன்றை மிதிக்க... மகன் வாலிபப் பிள்ளை. அழுத்தி மிதித்திருக்கிறான். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டுபோய் இரண்டு பேரையும் பள்ளத்தில் கவிழ்த்துவிட்டது. விழுந்த இடத்திலேயே ஸ்டார்லிக்கு யோசனை பிறந்தது என்று கதை சொல்வார்கள். கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். 1877-ல் அவர் தன் மூன்று சக்கர சைக்கிளுக்கு டிஃபரென்ஷியல் வைத்து உரிமை எடுத்தார் என்பது மட்டும் நிஜம். விக்டோரியா மகாராணியே அவருடைய 'சால்வோ' சைக்கிளை வாங்கினார். 1885-ல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் முதல் மோட்டார் காரைச் செய்தபோது, அதிலும் டிஃபரென்ஷியல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் இறங்கவே இல்லை.

எப்படி வேலை செய்கிறது என்று இன்னும் தெளிவாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சிபாரிசு. 1937-ல் செவர்லே கம்பெனிக்காக எடுத்த 'அரவுண்ட் த கார்னர்' என்ற குறும்படம். இணையத்தில் கிடைக்கிறது. வரிசையாகப் போகிற மோட்டார் சைக்கிள்காரர்களைக் காட்டி ஆரம்பித்து, இரண்டு குச்சி, ஒரு சக்கரம் என்று படிப்படியாக டிஃபரென்ஷியலைக் கட்டிக் காட்டுவார்கள். பத்து நிமிஷம்கூட ஆகாது. எண்பது வருஷம் தாண்டியும் இதைவிட நன்றாக யாரும் பாடம் எடுக்கவில்லை என்பது என் கட்சி.

* * *

சரி, இவ்வளவு நல்ல பிள்ளை சேற்றில் மட்டும் ஏன் காலை வாருகிறது?

நான் பி.காம். படித்தவன். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். ராமசாமியும் கந்தசாமியும் கூட்டு வியாபாரம் ஆரம்பிக்கிறார்கள். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு நிபந்தனை: இரண்டு பேரும் எப்போதும் சமமாகத்தான் முதல் போடவேண்டும். ராமசாமியிடம் ஒரு லட்சம் இருக்கிறது. கந்தசாமி பையில் பத்தே ரூபாய். கந்தசாமி பத்து போட்டால் ராமசாமியும் பத்துதான் போட முடியும். கம்பெனியின் மொத்த மூலதனம் இருபது ரூபாய். ராமசாமியின் லட்சம் அவர் பெட்டியிலேயே தூங்கும்.

டிஃபரென்ஷியல் போட்ட ஒப்பந்தம் இதுதான். இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் சமமான முறுக்கு விசை. சேற்றில் இருக்கிற சக்கரத்துக்குப் பிடிமானமே கிடையாது, அதைச் சுற்றப் பத்து ரூபாய் விசை போதும். அதே பத்து ரூபாய்தான் கெட்டித் தரையில் இருக்கிற சக்கரத்துக்கும் போகும். இரண்டு டன் வண்டியை அது எப்படித் தள்ளும்? அதனால் அது நிற்கிறது. அது நிற்பதால் சேற்றில் இருப்பது இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. எஞ்சின் எத்தனை குதிரை சக்தி என்பதெல்லாம் அங்கே செல்லுபடி ஆகாது.

நான்கு சக்கரத்துக்கும் விசை போகிற ஜீப் என்றாலும் இதே கதைதான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சக்கரம் பிடிமானம் இழந்தால் போதும், ஜீப் அம்பேல். காசு கொடுத்தது நான்குக்கு. நடுக்காட்டில் நான்கும் கைவிரிக்கும்.

இதற்குப் பழைய டிரைவர்களிடம் ஒரு தந்திரம் உண்டு. டிராக்டரில் இடது வலது சக்கரத்துக்குத் தனித்தனி பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். சும்மா சுற்றுகிற சக்கரத்தின் பிரேக்கை மட்டும் லேசாக அழுத்துவார்கள். அந்தச் சக்கரத்தைச் சுற்றுவது இப்போது கஷ்டமாகிவிடும். அதாவது, கந்தசாமியின் பையில் யாரோ நூறு ரூபாயைத் திணித்த மாதிரி! உடனே ராமசாமியும் நூறு போட்டாகவேண்டும். வண்டி நகரும். இன்றைக்கு லட்சக்கணக்கில் விலை போட்டு 'எலெக்ட்ரானிக் டிராக்‌ஷன் கன்ட்ரோல்' என்று விற்கிறார்களே, அதன் சூத்திரமும் அச்சு அசலாக இதுதான்.

தந்திரம் வேண்டாம், ஒப்பந்தத்தையே தற்காலிகமாகக் கிழித்துப் போடு என்றவர்கள்தான் பூட்டுக்காரர்கள்.

* * *

முதல் பூட்டு ரொம்ப எளிமையானது. ஒரு முளை! 19-ம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் வயலில் ஏர் இழுக்கவும், கதிரடிக்கும் இயந்திரத்தை ஊர் ஊராக இழுத்துப்போகவும் பிரமாண்டமான நீராவி வண்டிகள் இருந்தன. ஒரு சக்கரம் மண்ணில் புதைந்தால், டிரைவர் கீழே இறங்குவார். டிஃபரென்ஷியலில் அதற்கென்று விட்டிருக்கிற துளையில் ஓர் இரும்பு முளையைச் சொருகுவார். இரண்டு சக்கரமும் ஒன்றாகிவிடும். வெளியே வந்ததும் முளையை உருவிவிடவேண்டும். மறந்து போய்த் திருப்பினால் என்ன ஆகும் என்பதை அந்தக் காலத்து டிரைவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அடுத்து இதைத் தேடி வந்தவர்கள் பந்தயக்காரர்கள். 1930-களில் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் பந்தயக் காரை வடிவமைத்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. பின்னால் பதினாறு சிலிண்டர் எஞ்சின். ராட்சச சக்தி. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில்கூட ஒரு சக்கரம் பிடிமானம் இழந்து வெறுமனே சுற்ற ஆரம்பித்துவிடும்! 1935 வாக்கில் ZF கம்பெனியிடம் சொல்லி, பாதி பூட்டு, பாதி சுதந்திரம் என்கிற மாதிரி ஒரு டிஃபரென்ஷியலைச் செய்யச் சொன்னார். ஒரு சக்கரம் மட்டும் எகிற ஆரம்பித்தால், உள்ளேயே உராய்வு ஏற்பட்டு அதை இழுத்துப் பிடிக்கும்.

பந்தயத்துக்குச் செய்தது போருக்குப் போனது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் ராணுவம் பயன்படுத்திய 'கூபல்வாகன்' என்கிற சின்ன வண்டிக்கு நான்கு சக்கர இயக்கம் கிடையாது. பின்பக்கம் இரண்டு மட்டும். எடை முக்கால் டன்னுக்கும் குறைவு. இருந்தும், வடஆப்பிரிக்க மணலில் நன்றாகவே சமாளித்தது. எடை குறைவு ஒரு காரணம். ஆக்ஸிலுக்குள் ZF வைத்திருந்த அந்தப் பாதிப் பூட்டு இன்னொரு காரணம். எதிர்ப்பக்கம் அமெரிக்க ஜீப், ஆறு லட்சத்துக்கு மேல் செய்து குவித்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் விசை உண்டு, பூட்டு மட்டும் இல்லை.

போர் முடிந்தது. ஜெர்மனி தரைமட்டம். டெய்ம்லர்-பென்ஸில் விமான எஞ்சின் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஆல்பர்ட் ஃப்ரீட்ரிக் விமானத்தை மறந்துவிட்டு, விவசாயிக்கு ஒரு வண்டி வரைய உட்கார்ந்தார். அதுதான் யூனிமாக். இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் நடுவே 1,270 மில்லிமீட்டர். ஏன் அந்தக் கணக்கு? உருளைக்கிழங்குச் செடியின் இரண்டு வரிசைக்கு அதுதான் அகலம்! செடி மிதிபடக்கூடாது. முன்னாலும் பின்னாலும் டிஃபரென்ஷியல் பூட்டு. 1948-ல் உற்பத்தி ஆரம்பமானது. எஞ்சின் சக்தி என்னவோ வெறும் 25 குதிரைதான். ஆனால், அந்த 25-ம் வீணாகாமல் மண்ணுக்குப் போனது.

இன்றைக்கும் நம் ஊர் டிராக்டரில் டிரைவரின் வலது குதிகால் பக்கத்தில் ஒரு சின்ன மிதி இருக்கும். அதை அமுக்கினால் பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொள்ளும். தஞ்சாவூர்ப் பக்கம் தொளி உழுகிறவரிடம் போய் 'லாக்கிங் டிஃபரென்ஷியல்' என்று சொல்லிப்பாருங்கள், முறைப்பார். 'அட, அந்த மிதியா?' என்பார்.

விவசாயிக்குக் கொடுத்தார்கள். ராணுவத்துக்கும் பந்தயக்காரனுக்கும் கொடுத்தார்கள். ஜீப் வாங்கிய சாதாரண மனுஷனுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

* * *

போருக்குப்பின் அமெரிக்காவில் ராணுவம் கழித்துக்கட்டிய ஜீப்புகள் மலிவாக விற்பனைக்கு வந்தன. திரும்பி வந்த சிப்பாய்களுக்கு ஜீப் ஓட்டத் தெரியும். ரிப்பேர் பார்க்கவும் தெரியும், ஏனென்றால் போர்முனையில் பார்த்தாகவேண்டி இருந்தது. வீட்டோடு ஒரு ஷெட், அதில் ஒரு வைஸ், ஒரு டிரில்லிங் மெஷின் என்று ஒரு தலைமுறையே உருவாகிவிட்டது. 1953-ல் கலிபோர்னியாவில் 'ஜீப்பர்ஸ் ஜாம்போரி' என்று ஒரு கூட்டம், ருபிகான் என்கிற பாறைப் பாதையில் ஜீப்புகளை ஏற்றி இறக்கிக் காட்டியது. பாதை என்பதே மரியாதைக்குச் சொல்வது. வெறும் பாறாங்கற்கள். அங்கே எப்போதும் ஏதாவது ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். அந்தரத்தில் தொங்குகிற சக்கரம்... கந்தசாமி! பத்து ரூபாய்கூட இல்லை அவரிடம்.

அவர்கள் கண்ணில் பட்டது 'நோ-ஸ்பின்'. 1940-களில் கனரக லாரிகளுக்கும் ராணுவ வண்டிகளுக்கும் என்று வந்த சாதனம். பிற்பாடு 'டெட்ராய்ட் லாக்கர்' என்று பெயர் பிரபலமாயிற்று. இதற்கு சுவிட்சும் இல்லை, மிதியும் இல்லை. எப்போதும் இரண்டு சக்கரமும் பூட்டித்தான் இருக்கும். திரும்பும்போது வெளிச்சக்கரம் முந்திக்கொண்டு ஓட முயலுமே, அப்போது மட்டும் பல் விலகி அதை விட்டுக்கொடுக்கும். விலகுவது, திரும்பச் சேர்வது எல்லாம் சத்தத்தோடு. பெட்ரோல் பங்க்குக்குள் மெதுவாகத் திருப்பினால் டக்... டக்... டமார்! பக்கத்தில் நிற்கிறவர் ஆக்ஸில் உடைந்துவிட்டது என்று ஓடிவருவார்.

காசில்லாதவர்கள் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். டிஃபரென்ஷியலைத் திறப்பது, உள்ளே இருக்கிற சின்னப் பற்சக்கரங்களை ஒன்றோடொன்று வெல்டிங் வைத்துவிடுவது. கதை முடிந்தது. பூட்டு நிரந்தரம், சாவியே கிடையாது. இதற்கு 'லிங்கன் லாக்கர்' என்று மகா கௌரவமான பெயர். ஆபிரகாம் லிங்கனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லிங்கன் என்பது அங்கே பிரபலமான வெல்டிங் மெஷின் கம்பெனி!

* * *

இப்போது ஷெட்டுக்குள் போவோம். வீட்டில் மாட்டுவது என்றால் என்ன செய்வார்கள்?

இரண்டு வகை உண்டு. முதலாவது சுலபமானது. 'லஞ்ச் பாக்ஸ் லாக்கர்' என்பார்கள். சாப்பாட்டு டப்பா மாதிரி சின்னப் பெட்டியில் அடங்கிவிடுகிற சாமான். வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுக்கவேண்டும். (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் நுழைகிறவனுக்கு வண்டியைவிட இன்ஷூரன்ஸ்தான் முக்கியம்.) பின் ஆக்ஸில் மூடியைக் கழற்றினால் கியர் ஆயில் கொட்டும். அந்த கந்தக நாற்றம் பழக்கப்படாதவர்கள் இரண்டு நாள் சாப்பிடமாட்டார்கள். உள்ளே கூண்டு தெரியும். குறுக்கே ஒரு தண்டு. அதை உருவினால் சின்னப் பற்சக்கரங்கள் கையோடு வரும். அவை இருந்த இடத்தில் லாக்கரின் இரண்டு பாதிகளை, நடுவில் ஸ்பிரிங்குகளோடு வைத்து, குறுக்குத் தண்டைத் திரும்பச் சொருகி, மூடியைப் பூட்டி, புது ஆயில் ஊற்றவேண்டும். பழகிய கைக்கு ஒரு மத்தியான வேலை. கூண்டைத் தொடுவதில்லை, அதுதான் இதில் சௌகரியம்.

இரண்டாவது வகையில் கூண்டையே கழற்றி எறிந்துவிட்டுப் புதுக் கூண்டு வைக்கவேண்டும். வேண்டும்போது பூட்டி, வேண்டாதபோது திறக்கிற லாக்கர்கள் பெரும்பாலும் இந்த ஜாதி. இங்கேதான் ஆளைக் குடிக்கும் வேலை ஆரம்பம்.

கூண்டோடு சேர்த்து முறுக்கியிருப்பது கிரவுன் வீல், பெரிய பற்சக்கரம். எஞ்சினிலிருந்து வருகிற பினியன் என்கிற சின்னப் பற்சக்கரம் அதைக் கடித்துச் சுற்றும். கடி இறுக்கமாகவும் இருக்கக்கூடாது, லூஸாகவும் இருக்கக்கூடாது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விடவேண்டிய 'பிளே' பல வண்டிகளில் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர். உங்கள் ஆபீஸில் இருக்கிற ஜெராக்ஸ் பேப்பரின் கனமே சுமார் 0.1 மில்லிமீட்டர். இரண்டு பேப்பருக்கு முன்பின்னாக இருக்கிற அந்தச் சந்தை, வீட்டு ஷெட்டில், டியூப்லைட் வெளிச்சத்தில், ஒரு டயல் கேஜை வைத்துக்கொண்டு பிடிக்கவேண்டும்.

எப்படிப் பிடிப்பார்கள்? கூண்டின் இரண்டு பக்கமும் 'ஷிம்' என்கிற மெல்லிய இரும்பு வளையங்கள் இருக்கும். இடப்பக்கம் ஒன்று எடுத்து வலப்பக்கம் வைத்தால் கூண்டு ஒரு மயிரிழை நகரும். அளந்து பார்த்தால் அதிகம். திரும்பக் கழற்று. இன்னொரு ஷிம். திரும்ப மாட்டு. திரும்ப அள. அது சரியாக வந்ததும் பல்லில் மஞ்சள் பசையைத் தடவிச் சுற்றிப்பார்ப்பார்கள். பினியன் கடித்த இடத்தில் பசை விலகித் தடம் தெரியும். தடம் பல்லின் நடுவில் விழவேண்டும். உச்சியில் விழுந்தாலோ, அடியில் விழுந்தாலோ பினியனின் ஆழம் தப்பு. பிடி, ஆரம்பத்திலிருந்து!

விட்டுத் தொலை என்று மூடி விட்டால்? முதல் நாள் ஒன்றும் தெரியாது. ரோட்டில் ஒரு குறிப்பிட்ட வேகம் வந்ததும் பின்னாலிருந்து 'ஊ...' என்று ஒரு ஊளை கேட்கும். வேகம் மாறினால் நிற்கும். அப்புறம் எல்லா வேகத்திலும் கேட்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் பல் உதிர்ந்து ஆயிலோடு கலந்திருக்கும். இந்த வேலையில் கெட்டிக்காரர் யார் என்றால், வேகமாக முடிக்கிறவர் இல்லை. பதினோராவது தடவை கழற்றச் சலிக்காதவர்.

இவ்வளவு பொறுமை தேவைப்படுகிற வேலையை, பட்டறையில் கொடுக்காமல் ஏன் வீட்டில் செய்தார்கள்? கூலி ஒரு காரணம். அந்த நாடுகளில் சாமான் விலைக்குச் சமமாக வேலைக்கூலி நிற்கும். ஆனால், அதுமட்டும் என்று நான் நினைக்கவில்லை. பட்டறை இல்லாத இடத்துக்குப் போகத்தான் இந்தப் பூட்டே. அங்கே உடைந்தால் திறந்து பார்க்கவேண்டியவன் அவன்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று வீட்டிலேயே ஒரு தடவை பார்த்து வைத்தவனுக்கு, வெளியே கை நடுங்காது.

* * *

இந்த விஷயம் ஆஸ்திரேலியர்களுக்கு நன்றாகத் தெரியும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 'கானிங் ஸ்டாக் ரூட்' என்று ஒரு பாதை. ஒரு காலத்தில் மாடுகளை ஓட்டிப் போன தடம். சுமார் 1,850 கிலோமீட்டர் பாலைவனம், நூற்றுக்கணக்கான மணல் மேடுகள். சென்னையிலிருந்து போபால் தாண்டுகிற தூரத்துக்கு நடுவில் ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அங்கே வண்டி புதைந்தால் இரண்டு மணி நேரத்தில் யாராவது டிராக்டரோடு வருவார் என்று பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார முடியாது. கையிருப்புத் தண்ணீரைக் கணக்குப் பார்க்க ஆரம்பிக்கவேண்டும்.

1975-ல் மெல்போர்னில் ஆரம்பித்த ARB என்கிற கம்பெனி, நிறுவனர் ஆன்டனி ரொனால்ட் பிரவுனின் இனிஷியல்தான் பெயர், இப்படிப்பட்ட பயணிகளுக்கு சாமான் செய்தது. 1980-களின் பிற்பகுதியில் 'ராபர்ட்ஸ் டிஃப் லாக்' என்ற உள்ளூர்க் கண்டுபிடிப்பை வாங்கி 'ஏர் லாக்கர்' என்று விற்க ஆரம்பித்தார்கள். யோசனை அழகானது. டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச். அமுக்கினால் சின்ன கம்ப்ரஸரிலிருந்து காற்று மெல்லிய குழாய் வழியாக ஆக்ஸிலுக்குள் போய்ப் பூட்டை நகர்த்தும். சுவிட்சை அணைத்தால் காற்று வெளியேறும், ஸ்பிரிங் பூட்டைத் திறந்துவிடும். ரோட்டில் சாதாரண கார். மணலில் டிராக்டர். டமார் சத்தமும் இல்லை.

ஆனால், மாட்டுகிறவருக்குக் கூடுதல் வேலை. காற்றுக்குழாய் உள்ளே போக, ஆக்ஸில் ஹவுசிங்கில் ஓட்டை போடவேண்டும். நல்லா இருக்கிற வண்டியின் ஆக்ஸிலில் டிரில்லிங் பிட்டை வைக்கிற அந்தக் கணம் கல்யாணத்தில் தாலி கட்டுகிற மாதிரி, அப்புறம் பின்வாங்க முடியாது. இரும்புத் தூள் ஒரு துணுக்குகூட உள்ளே தங்கக்கூடாது. தங்கினால் பேரிங் காலி. உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் ஒழுகினால் காற்று கியர் ஆயிலுக்குள் புகுந்து, மேலே இருக்கிற சுவாசக்குழாய் வழியாக ஆயில் நுரைத்துக்கொண்டு கொட்டும். பாலைவனத்தில் பார்க்க விரும்பாத காட்சி.

இன்னொன்றும் உண்டு. பூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்குப் பூட்டைப்போல ஆபத்து வேறில்லை. தார் ரோட்டில் பூட்டோடு திருப்பினால் டயர் கதறும். முன் ஆக்ஸிலைப் பூட்டிவிட்டால் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகப் போகத்தான் பார்க்கும். மலைச்சரிவில் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஈரப் பாறையிலும் பனியிலும் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் வழுக்க, வண்டி பக்கவாட்டில் இறங்கும். ஒரு சக்கரம் பாறையில் மாட்டி நிற்க, எஞ்சினின் மொத்த விசையும் அந்த ஒரே தண்டுக்குப் போய்... பட்! ஆக்ஸில் இரண்டு துண்டு. திறந்த டிஃபரென்ஷியல் ஒரு வகையில் தண்டைக் காப்பாற்றிக்கொண்டும் இருந்தது என்பது அப்போதுதான் உறைக்கும்.

இந்தியாவில் இதை வீட்டு ஷெட்டில் முயல நினைக்கிற சூரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தராது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகச் சொல்லியிருக்கிறது.

* * *

ஷெட்காரர்கள் முப்பது, நாற்பது வருஷம் தாங்களாக மாட்டிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, கம்பெனிகள் மெதுவாக வழிக்கு வந்தன. 1979-ல் வந்த மெர்சிடிஸ் ஜி-வேகனுக்கு முன்னும் பின்னும் பூட்டு கிடைத்தது. டொயோட்டா லேண்ட் குரூசர் தொடர்ந்தது. 2003 மாடலில் ஜீப் கம்பெனி, முன்னும் பின்னும் லாக்கர் வைத்தே ஒரு வண்டியை வெளியிட்டது. பெயர் என்ன தெரியுமா? ருபிகான்! 1953-லிருந்து எந்தப் பாறையில் ஜனங்கள் மோதிப் பழகினார்களோ, அந்தப் பாதையின் பெயர்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் மட்டும் 1973-லேயே தன் பிக்கப் லாரிகளுக்கு ஒன்றைக் கொடுத்திருந்தது. ஈட்டன் கம்பெனி செய்த 'கவ்-லாக்'. சுவிட்ச் இல்லை. இரண்டு சக்கரத்தின் வேகமும் அதிகமாக வித்தியாசப்பட்டால் உள்ளே ஒரு சின்ன எடை விசிறிக்கொண்டு வெளியே வந்து பூட்டைத் தூண்டும். வேகம் கூடினால் தானே விலகிவிடும். நிதானமாக ஓட்டுகிறவருக்கு அது வெகுநாள் உழைத்தது. பெரிய டயர் மாட்டிக்கொண்டு பாறை ஏறிய ஷெட்காரர்கள் கையில் சிக்கி, சில சமயம் உள்ளேயே சிதறியது. அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'கவ்-பாம்'. பிடுங்கிப் போட்டுவிட்டு டெட்ராய்ட் லாக்கரை மாட்டினார்கள்.

அந்தத் தானியங்கிப் பூட்டின் வம்சம்தான் 2020-ல் வந்த மஹிந்திரா தாரின் சில வகைகளில், பின் ஆக்ஸிலுக்குள் உட்கார்ந்திருந்தது. டிரைவர் எதுவும் செய்யவேண்டாம். அதுவே பார்த்துப் பூட்டும், அதுவே திறக்கும்.

2013-ல் வந்த ஃபோர்ஸ் கூர்காவில் வேறு ஏற்பாடு. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு பூட்டு, இரண்டையும் டிரைவர்தான் போடவேண்டும். முதலில் பின்பக்கம். அதுவும் போதாது என்றால்தான் முன்பக்கம். போட்டவுடனேயே பூட்டிக்கொள்ளாது. உள்ளே பல்லும் சந்தும் நேருக்கு நேர் வந்தாகவேண்டும். வண்டியை அரை அடி உருட்டி, ஸ்டீயரிங்கை லேசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக் காத்திருக்கவேண்டும். சீட்டுக்கு அடியில் எங்கேயோ 'டொக்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் ஆக்ஸிலேட்டரைத் தொடலாம்.